அக்கி வந்தால் ‘ரெண்டு நாள் பார்க்கலாம்’ என்று இருக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பையில் மாட்டுங்கா, சயான், செம்பூர் பக்கம் வீடுகளுக்கே போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ் நான். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள், எங்கள் செட் அன்று செய்த அதே தவறுகளை இன்றும் செய்கிறார்கள். சொறியாதே, நகத்தை வெட்டு என்பதெல்லாம் எந்தப் பாட்டியும் சொல்லிவிடுவார், அதை விட்டுவிடுகிறேன்.

நாளைக் கடத்துவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கியிருந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது ஒரு நரம்பு வழியே தோலுக்கு வருகிறது. அதுதான் அக்கி, ஒரு பக்கமாக மட்டும் பட்டையாக வருவதும் அதனால்தான். அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும். அதனால் தோலில் தடிப்பு தெரிந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். நாம் ‘பார்க்கலாம்’ என்று கழிக்கிற அந்த மூன்று நாளில்தான் மருந்து நன்றாக வேலை செய்யும்.

மாட்டுங்காவில் ஒரு மாமா, எழுபதைத் தாண்டியவர், சர்க்கரையும் உண்டு. விலாவில் சுருக்கென்று குத்தியபோது வாயு என்றார்கள், தோல் சிவந்ததும் சூடு என்று சந்தனம் பூசினார்கள், கொப்புளம் வந்ததும் பக்கத்து வீட்டு மராட்டி அம்மா ‘இது நாகின், இடுப்பைச் சுற்றி வளைத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து’ என்று சொன்னதும் பயந்துபோய், தாராவியில் ஆள் விசாரித்துக் காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். கூட இருந்த புது நர்ஸ், பெரியவர்கள் பேசும்போது நாம் என்ன சொல்வது என்று சும்மா இருந்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டபோது ஆறாவது நாள்.

பொருக்கு உதிர்ந்தது, வலி போகவில்லை. மாசக்கணக்கில் அவர் பனியனை இரண்டு விரலால் தோலில் படாமல் தள்ளிப் பிடித்தபடியேதான் உட்கார்ந்திருப்பார். ஃபேன் காற்று பட்டாலே முகம் சுருங்கும். நேரத்துக்கு மாத்திரை போட்டவர்களிலும் சிலருக்கு இந்த நரம்பு வலி வரத்தான் செய்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் கொப்புளமும் ஆரம்ப வலியும் சீக்கிரம் அடங்கியிருக்கும். அந்த வாய்ப்பையே அவருக்குத் தரவில்லை.

அக்கி எழுதித்தான் ஆக வேண்டுமா, சரி, டாக்டரைப் பார்த்து மாத்திரை போட்ட பிறகு எழுதுங்கள், உடைந்த புண்ணில் காவி படாமல். மெடிக்கலில் அசைக்ளோவிர் ட்யூப் வாங்கித் தடவுவதும் நாளைக் கடத்துவதுதான், வைரஸ் இருக்கும் நரம்புக்கு அந்தக் களிம்பு போய்ச் சேராது. பெரியவர்களுக்கு வழக்கமாக அசைக்ளோவிர் 800 மி.கி., தினம் 5 வேளை, 7 நாள். கிட்னி கோளாறு இருந்தால் அளவு மாறும், அதனால் நீங்களாக வாங்காதீர்கள். மூன்று நாள் தாண்டிவிட்டது என்றும் விட்டுவிடாதீர்கள். புதுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தால் டாக்டர் அப்போதும் கொடுப்பார்.

மூக்கு நுனியில் கொப்புளம்

அன்றைக்கே கண் டாக்டர். மூக்கு நுனிக்கு வரும் நரம்புதான் கண்ணுக்கும் போகிறது.

நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை

கொப்புளம் ஆறி மூன்று மாதம் கழித்தும் எரிகிறது, காந்துகிறது என்றால் அது நரம்பு வலி. பாரசிட்டமால் அதற்குப் பெரும்பாலும் போதாது. காபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைக் குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். நாலாம் நாளே ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துகிறார்கள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்குக் கொடுப்பது என்று யாராவது சொன்னதும் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அதே மாத்திரை குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் வேலை செய்யும். அப்புறம், இவற்றால் தலைசுற்றும். ராத்திரி பாத்ரூம் போகும்போது கூடவே போங்கள்.

அம்மை போட்ட குழந்தைக்கு ஆஸ்பிரின்

கூடவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ஆபத்து இருக்கிறது. புரூஃபனும் வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் நாள் வரை குளிப்பாட்டாமல் இருப்பது

மும்பை வியர்வையில் இது கொடுமை. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டலாம்; தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள்.

கர்ப்பிணியைக் கவனிக்காமல் விடுவது

பத்துக்குப் பத்து அறையில் எல்லோரும் ஒன்றாகப் படுக்கிற வீடுகளில் இது பெரிய விஷயம். அக்கிக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்கு வருவது அக்கி அல்ல, சின்னம்மை. அந்த இடத்தைப் பொருக்கு கட்டும் வரை துணியால் மூடி வையுங்கள். சின்னம்மை அதைவிட வேகமாகக் காற்றிலும் பரவும், கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே. முன்பு அம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணி பக்கத்தில் இருந்திருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தடுப்பூசியைக் கேட்காமலே இருப்பது

50 வயது தாண்டியவர்களுக்கு ஷிங்ரிக்ஸ் என்ற அக்கித் தடுப்பூசி இங்கேயே கிடைக்கிறது. இரண்டு ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளியில். விலை அதிகம்தான். ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் போடலாம், கொப்புளம் இருக்கும்போது மட்டும் வேண்டாம்.