குழந்தையின் இதயத்தில் கட்டியா? துடிப்பை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்

ஏழாம் மாத ஸ்கேனில் "இதயத்தில் கட்டி" என்றதும் எல்லாருக்கும் புற்றுநோய்தான் ஞாபகம் வரும். ஆனால் கைக்குழந்தைகளிடம் அது பெரும்பாலும் ராப்டோமயோமா. புற்றுநோய் இல்லை, முதல் சில வருடங்களில் தானாகவே சுருங்கிவிடும். ரத்த ஓட்டத்தை அடைத்தால்தான் ஆபரேஷன், கட்டியைச் சுருக்கும் எவரோலிமஸ் மாத்திரை என்றெல்லாம் யோசிப்பார்கள். ஒன்றுக்கு மேல் கட்டிகள் இருந்தால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணுக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம், டிஎஸ்சி1, டிஎஸ்சி2 மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது புதிதாக வருவதுதான், அதனால் யார் வீட்டு வழி என்ற சண்டை வேண்டாம்.

கட்டி சின்னதாக இருந்தாலும் இதயத்தின் மின்பாதையில் உட்கார்ந்துகொண்டால் துடிப்பு கெடும். பிறந்ததும் எக்கோவோடு விட்டுவிடாமல் இசிஜியும் எடுக்கச் சொல்லுங்கள், துடிப்புக் கோளாறு எக்கோ படத்தில் சரியாகப் பிடிபடாது.

சரி, எண்ணுவது எப்படி? குழந்தை தூங்கும்போது, முழங்கைக்கும் தோளுக்கும் நடுவில் மேல்கையின் உள்பக்கம் இரண்டு விரலை அழுத்தாமல் வைத்து, முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் நடுவில் துடிப்பு விட்டுப்போவது தெரியாது. பச்சிளங்குழந்தைக்குத் தூக்கத்தில் 90 முதல் 160 வரை இருக்கலாம், வீறிட்டு அழும்போது 200கூடத் தொடும். அமைதியாகக் கிடக்கும்போதே விரலால் எண்ண முடியாதபடி 220க்கு மேல் ஒரே சீராக ஓடுகிறதா, இல்லை 80க்குக் கீழே போகிறதா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாலு வாய் குடித்ததும் மூச்சு வாங்கி, தலை வியர்த்து, பால் வேண்டாமென்று முகம் திருப்பி, வெளிறிப்போய்த் துவண்டு கிடந்தால் எண்ணிக்கொண்டும் இருக்காதீர்கள்.

பழைய இசிஜியை போனில் படமெடுத்து வைத்திருங்கள். டபிள்யூபிடபிள்யூ (இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கும் கோளாறு) இருந்தால் டிகாக்சின், வெராபமில் போன்ற துடிப்பு மருந்துகளைத் தவிர்ப்பார்கள், நள்ளிரவு டியூட்டி டாக்டருக்கு அது தெரிந்தாக வேண்டும். வேகத் துடிப்பை அடக்க முகத்தில் ஐஸ் வைக்கும் வைத்தியத்தை, உங்கள் டாக்டர் செய்து காட்டியிருந்தால் ஒழிய, வீட்டில் முயலாதீர்கள்.

இதயம் சம்பந்தப்படாத, ஆனால் டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் கவனிக்க வேண்டிய ஒன்று: தூங்கி எழுந்ததும் கைகளை விரித்து, தலை முன்னால் சாய, அடுத்தடுத்துத் திடுக்கிட்டால் அது வலிப்பாக இருக்கலாம். வீடியோ எடுத்து அன்றைக்கே காட்டுங்கள்.

அப்புறம், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் இருந்தால், கட்டி கரைந்துவிட்டது என்று எக்கோவில் சொன்ன பிறகும் 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு தடவை இசிஜி உண்டு, பெரியவர்களான பிறகும்தான்.