தோல் புற்றுநோய் ஆபத்தை நோயாளியிடம் எப்படிப் பேசுவது

"வெயிலில் அதிகம் போகாதீர்கள்" என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். வெளியே போனதும் மறந்துவிடுவார்கள். தோல் மருத்துவராக நான் பார்த்தவரை, பேச்சு அவரவர் சொந்தத் தோலைப் பற்றியதாக மாறும்போதுதான் பழக்கமும் மாறுகிறது.

முதலில் கேளுங்கள். வேலை வெயிலிலா? சின்ன வயதில் தோல் கொப்பளிக்கிற அளவு வெயிலில் வெந்ததுண்டா? குடும்பத்தில் யாருக்காவது மெலனோமா (ஆபத்தான ஒருவகைத் தோல் புற்றுநோய்) வந்ததா? உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? இந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள், இவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

அப்புறம் காட்டுங்கள். முன்கையின் வெளிப்பக்கத்தையும் மேல்கையின் உட்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். வெயில் படாத இடம் வழவழவென்று இருக்கும்; முன்கையில் சுருக்கமும் புள்ளிகளும். "இரண்டுக்கும் ஒரே வயசுதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவரே கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்போது குறுக்கே பேசாதீர்கள்; எந்தத் துண்டுப் பிரசுரமும் செய்யாத வேலையை அது செய்யும்.

"நான் கருப்பு, எனக்கு வராது" என்பவரிடம் வாதாட வேண்டாம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஓரளவு காப்பாற்றுவது உண்மைதான். ஆனால் கருந்தோலில் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வரும். பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தடியில்தான் கண்டுபிடித்தார்கள். 1981இல் 36 வயதில் இறந்தார். இந்த இடங்களில் வரும் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணம் இல்லை. ஆகவே இவரிடம் சன்ஸ்க்ரீனைவிடப் பாதத்தைப் பார்க்கும் பழக்கத்தைத்தான் வலியுறுத்துவேன்.

ஆபத்தைச் சொன்ன கையோடு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுங்கள். வெறும் பயத்தோடு அனுப்பினால் அந்தப் பேச்சையே தவிர்ப்பார். பத்து அறிவுரை வேண்டாம், ஒன்று போதும். வெளிவேலை செய்பவருக்கு முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும். மற்றவர்களுக்கு, காலையில் பல் துலக்கியதும் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 சன்ஸ்க்ரீன். அளவை வாயால் சொல்லாமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் அங்கேயே பிதுக்கிக் காட்டுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். "இவ்வளவா!" என்பார்கள். தோலை வேகவைக்கும் புறஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தை இந்த சன்ஸ்க்ரீன் தடுக்கும் என்ற கணக்கெல்லாம் தாராளமாகப் பூசினால்தான். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும்.

மச்சத்தில் புற்றுநோய் அறிகுறியைக் கவனிக்க நீளமான பட்டியல் தேவையில்லை. வடிவம், நிறம், அளவு எதுவாவது மாறினால் வந்து காட்டச் சொல்லுங்கள். முதுகை வீட்டில் வேறொருவர் பார்க்கட்டும்.

கிளம்பும் முன், "நாளைக்குக் காலையில் என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். அடுத்த முறை வரும்போது பூசவில்லை என்றால் திட்டாமல் காரணம் கேளுங்கள். பாதிப் பேர் "பிசுபிசுக்குது" என்பார்கள். ஜெல்லாக மாற்றி எழுதிக் கொடுங்கள்.