பால்கனிக்கு ஃபிரெஞ்ச் கதவா, ஸ்லைடிங்கா? சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு ஒன்று

சேலத்தில் அலுமினியம், யூபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) கதவு செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். அளவெடுக்கப் போன வீட்டில் டேப்பை வெளியே எடுப்பதற்குள் கேட்டுவிடுவார்கள்: "ஏனுங்கண்ணா, ஃபிரெஞ்ச் டோர் போடலாங்களா, ஸ்லைடிங் போடலாங்களா?" ஷோரூமில் பார்த்தால் இரண்டுமே அழகுதான். ஃபிரெஞ்ச் டோர் என்பது கீல் வைத்த கண்ணாடி இரட்டைக் கதவு, விரியத் திறந்தால் பங்களா மாதிரி இருக்கும். ஸ்லைடிங் என்றால் சுவர் முழுக்க வெளிச்சம். நான் கதவுப் பேச்சை ஒதுக்கிவிட்டு, கதவு வரப்போகிற இடத்துக்கு வெளியே போய் நின்று பார்ப்பேன். பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

முதலில் கிரில். நம் ஊரில் தரைத்தளம் என்றால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு கிரில் இல்லாமல் யாருக்கும் தூக்கம் வராது. அந்த கிரில் கதவை ஒட்டியே இருந்தால், வெளிப்பக்கம் திறக்கிற இரட்டைக் கதவுக்கு வழியில்லை. உள்பக்கம் திறக்கலாம், ஆனால் ஆறடி வாசலில் ஒவ்வொரு கதவும் மூன்றடி என்பதால், ஹாலில் அந்த மூன்றடிக்கு சோபாவும் டீபாயும் வைக்க முடியாது. நம்பிக்கை வராவிட்டால் சாக்பீஸால் தரையில் கதவு சுற்றும் அரைவட்டத்தைப் போட்டுவிட்டு இரண்டு நாள் அந்த வீட்டில் நடமாடுங்கள். அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டில் இப்படிக் கோடு போட்டதுமே அந்த அம்மா, "அப்ப எங்க மாமியா கட்டில எங்க போடறதுங்க?" என்றார். ஸ்லைடிங் என்று அந்த நிமிடமே முடிவானது.

ஆனால் ஸ்லைடிங்கில் ஒரு கணக்கை மறந்துவிடுவார்கள். இரண்டு கண்ணாடி போட்ட ஆறடிக் கதவில், நடக்கக் கிடைக்கிற வழி மூன்றடிக்கும் குறைவு. பீரோ, பெரிய கட்டில் எல்லாம் அந்த வழியாகத்தான் மேலே ஏற்ற வேண்டும் என்றால் யோசியுங்கள். இரட்டைக் கதவில் சட்டம் போக வாசல் முழுவதும் திறக்கும். அதே சமயம் வாசல் எட்டடியைத் தாண்டினால் இரட்டைக் கதவைப் பற்றிப் பேசவே வேண்டாம். பலகை அகலமானால் கீல் மேல் விழுகிற இழுப்பும் கூடும். நாளாக நாளாகத் தொங்கித் தரையில் உரசும்.

சேலத்துக்குள் நான் ஸ்லைடிங் பக்கம் சாய்வதற்குப் பெரிய காரணம் கொசு. ஏப்ரல், மே ராத்திரியில் கதவைத் திறந்து வைக்காமல் படுக்க முடியாது, திறந்தால் கொசு. ஸ்லைடிங்கில் மூன்றாவது டிராக் போட்டு வலைக் கதவு ஒன்றை ஓட விட்டால் கதை முடிந்தது. இரட்டைக் கதவுக்கு வலை என்றால், கண்ணாடி ஒரு பக்கம் திறக்க, வலை எதிர்ப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது மடிப்பு வலை போட வேண்டும். இரண்டும் தனிச் செலவு. மடிப்பு வலையைக் குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நான் சொல்வதில்லை.

மேற்குப் பார்த்த வாசலா? எந்தக் கதவானாலும் வெயில் வெயில்தான். உள்ளே திரை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டி கட்டுவது நல்லது. கண்ணாடியைத் தொடும் முன்பே வெயிலைத் தடுக்க வேண்டும். வெளியே திறக்கிற கதவு அந்தத் தட்டியில் இடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவிட்டால் என் பேச்சு மாறிவிடும். ஏற்காட்டில் கொசுவைவிடப் பெரிய தொல்லை சாரலும் பனிமூட்டமும் காற்றும். ஸ்லைடிங்கின் இடைவெளியை அடைப்பது தூரிகை மாதிரியான ஒரு பட்டைதான். அது உரசுமே தவிர இறுகாது. இரட்டைக் கதவில் பலகை ரப்பர் மேல் அழுந்தி மூடும். அதிலும் வெளிப்பக்கம் திறக்கிற கதவாக இருந்தால், அடிக்கிற காற்றே அதைச் சட்டத்தோடு சேர்த்து அமுக்கும். உள்பக்கம் திறக்கிற கதவைக் காற்று ரப்பரிலிருந்து பிரிக்கப் பார்க்கும்.

அப்புறம் சில்வர் ஓக். காபித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கிற அந்த மரம் உதிர்க்கிற இலை ஸ்லைடிங் டிராக்கில் போய் உட்காரும். டிராக்கின் வெளிப்பக்கம் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கும். அவை அடைத்தால் மழைத் தண்ணீர் திரும்பி ஹாலுக்குள் வரும். வாரக்கடைசியில் மட்டும் போய் வருகிற வீட்டில் அதை யார் கூட்டுவது? குரங்கையும் மறக்க வேண்டாம். தாழ் போடாத ஸ்லைடிங்கை ஒதுக்கிவிட்டு உள்ளே வர அதற்கு ஒரு கை போதும். மலைக்கு என் ஓட்டு, வெளியே திறக்கிற இரட்டைக் கதவுக்கு. மேலே நல்ல சன்ஷேடு, திறந்த கதவைக் காற்று அறையாமல் பிடிக்கக் கொக்கி, வெளியிலிருந்து ஆணியைத் தட்டிக் கழற்ற முடியாத கீல், இந்த மூன்றும் கட்டாயம். தேக்கில்தான் வேண்டும் என்றால் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் கொஞ்சம் உப்பும், ஆசாரி விடுகிற இடைவெளியில்தான் இருக்கிறது சூட்சுமம்.

கண்ணாடி இரண்டுக்கும் டஃபன்டு கண்ணாடிதான். உடைந்தாலும் சிறு துண்டுகளாக உதிரும், ஈட்டியாகக் குத்தாது. ஆனால் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளை போடவோ முடியாது. ஏற்காடு வீட்டுக்கு அரை அங்குலம் கூடுதலாகப் போனால் சேலத்துக்குத் திரும்பி வர வேண்டியதுதான், அதுவும் புதுக் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்க. அதனால் பூச்சும் தரையும் முடிந்த பிறகே அளவெடுக்கச் சொல்லுங்கள். அகலமும் உயரமும் மூன்று மூன்று இடத்தில், கூடவே இரண்டு மூலைவிட்டமும்.

எடையும் முக்கியம். நாலடிக்கு ஏழடி, 8 மி.மீ. கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டுமே 50 கிலோவைத் தாண்டும். ஸ்லைடிங்கில் அது முழுக்க அடியில் இருக்கிற ரோலர் மேல். எத்தனை கிலோ தாங்கும் ரோலர் என்று கேளுங்கள்; பேரிங் வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரோலராகக் கேளுங்கள். இரட்டைக் கதவில் ஏழடிப் பலகைக்கு மூன்று கீலுக்குக் குறைய விடாதீர்கள். யூபிவிசி என்றால் வெட்டிய துண்டு ஒன்றை வாங்கி உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

வயதானவர்கள் இருக்கிற வீட்டில் ஸ்லைடிங் டிராக்கைத் தரைக்குள் இறக்கிவிடலாம். அப்படிச் செய்தால் பால்கனித் தரை ஹாலைவிடத் தாழ்வாக இருந்தே ஆக வேண்டும்.

மாட்டி முடித்ததும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே மூன்று சோதனை. டிராக்கில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள்; அது வெளியே போக வேண்டும். மூடிய ஸ்லைடிங்கை இரண்டு கையாலும் மேலே தூக்கிப் பாருங்கள். டிராக்கைவிட்டு வந்தால் திருடனுக்கும் வரும், மேலே தடுப்புக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். இரட்டைக் கதவானால், எப்போதும் மூடியே இருக்கிற பலகையின் மேல் தாழும் கீழ்த் தாழும் முழுசாக இறங்குகின்றனவா என்று பாருங்கள். தரையில் இருக்கிற தாழ்க்குழியில் சிமெண்ட் அடைத்திருக்கும், பல இடத்தில் பார்த்திருக்கிறேன். ரோலரை ஏற்றி இறக்குகிற திருகு பலகையின் ஓரத்தில் எங்கே இருக்கிறது என்று ஆட்கள் கிளம்பும் முன் காட்டச் சொல்லிவிடுங்கள். கதவு உரசத் தொடங்கினால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து நீங்களே சரிசெய்துகொள்ளலாம், எங்களுக்கு போன் போட வேண்டியதில்லை.