இரண்டு பிளாஷ், இரண்டு நிறம்: ஒத்துப்போக வைப்பது எப்படி?

மணமேடைக்கு இருபுறமும் பக்கத்துக்கொரு பிளாஷ் நிறுத்தி எடுத்த படத்தில், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியைப் பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்பின் ஒரு பக்கம் வெளிர்நீலம், மறுபக்கம் லேசான மஞ்சள் என்றால் இரண்டு பிளாஷின் கலர் டெம்பரேச்சரும் (வெளிச்சம் மஞ்சளா நீலமா என்று கெல்வினில் சொல்லும் எண், கூடினால் நீலம்) ஒன்றாக இல்லை. படம் முழுவதன் நிறத்தையும் சேர்த்துத் திருத்தும் ஒயிட் பேலன்ஸை நகர்த்திப் பயனில்லை. ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கெடும். வெளிச்சம் கிளம்பும் இடத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

முதலில் அளந்துவிடுங்கள். அறையை இருட்டாக்குங்கள். வண்ணச் சுவர் பக்கத்தில் வேண்டாம், அதன் நிறமும் கார்டில் விழும். கிரே கார்டை (நிறச் சாய்வில்லாத சாம்பல் அட்டை) 2 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். கேமரா மேனுவலில்: 1/125, ஐ.எஸ்.ஓ. 100, ரா ஃபைல், ஒயிட் பேலன்ஸ் 5500 கெல்வின். பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுங்கள். அது முழுக் கறுப்பாக வர வேண்டும்.

அடுத்து ஒவ்வொரு பிளாஷையும் தனித்தனியாக அடியுங்கள். அப்பர்ச்சர் முழு பவரில் எஃப் 16, 1/4 பவரில் எஃப் 8, 1/16 பவரில் எஃப் 4. கார்டு வெளுத்துப் போனால் அளவு பொய்யாகும். பிளாஷைத் தள்ளி வையுங்கள். சாஃப்ட்பாக்ஸ் மாட்டித்தான் வேலை செய்வீர்கள் என்றால் அதோடேயே சோதியுங்கள், பழைய துணி மஞ்சளித்திருக்கும்.

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஒயிட் பேலன்ஸ் டிராப்பரால் கார்டைத் தொட்டு, டெம்ப் (கெல்வின் எண்), டின்ட் (பச்சை–மெஜென்டா எண்) இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பவர் மாறினால் நிறமும் மாறுவதை இங்கே பார்க்கலாம். கேமரா மேல் மாட்டும் சிறிய பிளாஷில் மின்னலின் கடைசிப் பகுதி சிவப்பு சாய்ந்தது. பவரைக் குறைத்தால் அந்த வால் வெட்டுப்படுகிறது, மிஞ்சுவது நீலம் கூடிய வெளிச்சம். வோல்டேஜைக் குறைத்து வேலை செய்யும் ஸ்டூடியோ பிளாஷில் நேர்மாறு: குறைந்த பவரில் மஞ்சளாகும். அதனால் ஒரே மாடல் இரண்டு இருந்தும், ஒன்று முழு பவரிலும் மற்றொன்று 1/16-லும் ஓடினால் நிறம் ஒட்டாது. ஜெல் (பிளாஷின் முகப்பில் ஒட்டும் வண்ணத் தாள்) வாங்கும் முன் இரண்டையும் ஒரே பவரில் வைத்து, தூரத்தால் வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள். தூரத்தை இரட்டித்தால் 2 ஸ்டாப் குறையும், அதாவது வெளிச்சம் கால் பங்காகும். பாதிப் பேருக்கு வேலை இதிலேயே முடிந்துவிடும் என்பது எங்கள் எண்ணம்.

அப்படியும் வித்தியாசம் இருந்தால்தான் ஜெல். கெல்வினை நேரடியாகக் கழிக்காதீர்கள். 3000-ல் 800 கெல்வின் பெரிய மாற்றம், 6000-ல் சிறியது. 10,00,000-ஐ கெல்வினால் வகுத்தால் மைரெட் கிடைக்கும். ஒரு பிளாஷ் 5300 (189 மைரெட்), மற்றது 6100 (164) என்றால் வித்தியாசம் 25. லீ கம்பெனியின் 223 என்ற 1/8 சி.டி.ஓ. ஜெல் (வெளிச்சத்தை மஞ்சளாக்கும் ஆரஞ்சுத் தாள்) 26 மைரெட் கூட்டும். அதை நீலமான 6100 பிளாஷின் முகப்பு முழுவதும் இடுக்கில்லாமல் ஒட்டுங்கள். முழு பவரில் விடாமல் அடித்தால் ஜெல் சூட்டில் சுருங்கும்.

டின்ட் எண்ணிலும் பெரிய வித்தியாசம் இருந்தால் அது பச்சை–மெஜென்டா கோளாறு. சி.டி.ஓ. அதைத் தொடாது, பச்சை கூடிய பிளாஷுக்கு மைனஸ் கிரீன் ஜெல் வேண்டும்.

ஜெல்லோடு மறுபடி ஒரு கார்டு படம் எடுத்துப் பாருங்கள். எந்த பவரில் அளந்தீர்களோ அதை ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பிளாஷின் முதுகில் ஒட்டிவிடுங்கள். பவரை மாற்றினால் இந்தக் கணக்கு பொருந்தாது.