பாட்டைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பாதிரிப்புலியூரில் தேவாரம் ஓதுபவர்களும், வடலூர் தைப்பூசத்துக்கு அருட்பா பாடும் குழுவினரும், அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் பயின்று வெளிவரும் மாணவர்களும் இன்று ஒரு மைக்கும் மடிக்கணினியும் இருந்தால் வீட்டிலேயே தங்கள் பாட்டைப் பதிவு செய்துகொள்ள முடிகிறது. இது பெரிய வாய்ப்பு. ஆனால், நகல் எடுக்கச் செலவில்லை என்பதால் பதிவுக்கே மதிப்பில்லை என்று எண்ணிவிடுகிறோம். நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எண்ணமே வேர்.

முதல் தவறு பதிவுக்கு முன்பே நேர்கிறது. சிமென்ட் சுவரும் மொசைக் தரையும் கொண்ட அறையில், மின்விசிறி சுழல, பாடகரை நிறுத்திப் பதிவு செய்துவிட்டு, இரைச்சலை மென்பொருளால் பிறகு நீக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த மென்பொருள் இரைச்சலோடு சேர்த்துச் சொல்லின் கடைசி மெல்லொலியையும், கார்வை (நீட்டி நிறுத்தும் ஸ்வரம்) தேய்ந்து அடங்கும் அழகையும் தின்றுவிடும். பாடகருக்குப் பின்னால் இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை நிறுத்தி, விசிறியை அணைத்து, தெரு அடங்கிய விடியற்காலையில் பாடவைப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்தது லெவல், அதாவது ஒலியை எவ்வளவு உரக்கப் பதிவு செய்கிறோம் என்ற அளவு. ஒலிநாடாக் காலத்தில் நாடாவின் சீற்றொலி கேட்காமலிருக்க லெவலை உயர்த்தி வைப்பது முறையாக இருந்தது. அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. டிஜிட்டல் பதிவில் உச்சவரம்பு 0 டெசிபல். அதைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுப்போகும், முழுமையாக மீட்க முடியாது. மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சில், 16 பிட் பதிவு ஏறத்தாழ 96 டெசிபலையும், 24 பிட் பதிவு கோட்பாட்டளவில் 144 டெசிபலையும் தாங்கும். ஆகவே 24 பிட்டில், உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி பதிவு செய்தால் எதுவும் குறையாது. நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் இது இன்னும் அவசியம். அவை எந்த நொடியில் எழும்பும் என்று முன்கூட்டிக் கணிக்க முடியாது.

என்னை மிகவும் வருத்தும் தவறு, சுருதி திருத்தும் மென்பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது. அது கீபோர்டின் பன்னிரண்டு நிலைகளையே சுருதி என்று கொள்கிறது. தோடி ராகத்தின் காந்தாரம் (‘க’ ஸ்வரம்) ஓரிடத்தில் நிற்பதன்று, அசைவிலேயே வாழ்வது. மென்பொருள் அந்த அசைவைப் பிழையென்று கருதி நேராக்கிவிட்டால் அங்கே தோடி இருக்காது. பிசகிய இடத்தை மறுபடி பாடிப் பதிவு செய்வதே நேர்மையான திருத்தம். மாஸ்டரிங் என்னும் இறுதி மெருகேற்றலில் ஒலியை அளவுமீறி அழுத்தி உரக்கச் செய்வதும் வீண் வேலை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) அளவுக்கு அதைத் தாமே இறக்கிவிடும். நசுங்கிய ஒலி மட்டும் மிஞ்சும்.

உரிமை பற்றிய தவறுகள் இவற்றைவிட நீண்ட காலம் உறுத்துபவை. வள்ளலாரின் பாடல் எவர்க்கும் பொது. 1964இல் மறைந்த பாரதிதாசனின் வரிகளும், ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் என்ற பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், தடையின்றிப் பாடக்கூடியவை. ஆனால் அந்த வரிகளுக்கு ஒரு திரைப்பட இசையமைப்பாளர் போட்ட மெட்டு வேறு உரிமை. இணையத்தில் கிடைக்கும் கரோக்கி இசைத்தடம் இன்னொருவரின் ஒலிப்பதிவு. வரி பொதுவானது என்பதற்காக மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்வது பலரும் செய்யும் பிழை. விலைக்கு வாங்கிய தாளத் துணுக்குகளிலும் கவனம் தேவை. அதே துணுக்கை வாங்கிய வேறொருவர் தம் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒத்த ஒலியைத் தானே கண்டுபிடிக்கும் அமைப்பு) சேர்த்திருந்தால், உங்கள் பாட்டின் மீது உரிமைகோரல் வந்து விழும். வாங்கிய ரசீதும் உரிம ஆவணமும் கையில் இருந்தால்தான் மறுக்க முடியும்.

நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு என்ற கூச்சத்தை விட்டுவிட வேண்டும். பதிப்புரிமையை ஒருவருக்கு மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் சட்டப்படி செல்லும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கொள்கிறது. அச்சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய ராயல்டிப் பங்கை வாரிசுகளுக்கோ, ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறெவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. "எல்லா உரிமையும் எங்களுக்கே" என்று நீட்டப்படும் தாளில் கையெழுத்திடும் முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

எண்ணிக்கையை வைத்துப் பாட்டின் மதிப்பை அளப்பதும் தவறே. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதன் ஒலிப்பதிவுக்குப் பணம் கணக்கிடப்படும். அரிய பண்ணில் அமைந்த ஒரு பதிகத்தை முந்நூறு பேர் கேட்டிருக்கலாம். அவர்களில் பத்துப் பேர் அதைக் கேட்டே பாடக் கற்றிருக்கலாம். எந்தக் கணக்குப் பலகையும் அதைக் காட்டாது.

இறுதியாகப் பாதுகாப்பு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய எம்பி3யை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்பை அழித்துவிடுகிறார்கள். எம்பி3 இழந்த ஒலியை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. சுருக்கப்படாத மூல வேவ் கோப்புக்கு மூன்று நகல்கள் வேண்டும், அவற்றில் ஒன்று வெளியூரில் இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயலும், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயலும் கரையேறிய கடலூர், புதுச்சேரிப் பகுதி இது. தானேவின்போது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து, தந்தையார் பதிந்து வைத்திருந்த அருட்பா நாடாக்கள் நனைந்தன. காயவைத்ததில் ஒன்றிரண்டு ஓடின. உறையிலிருந்த மை கரைந்துபோனதால் பாடுபவர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை. ஆகையால் பாடியவர், பக்கவாத்தியக்காரர், பண் அல்லது ராகம், கட்டை (பாடிய சுருதி), நாள், இடம் ஆகியவற்றைக் கோப்பின் பெயரிலும், கூடவே ஒரு தனிக் கோப்பிலும், பதிவு முடிந்த அன்றே எழுதி வையுங்கள்.