இயர்பட்ஸ் வாங்கக் கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் எடுத்துப் போங்க

பைக்கில் போகும்போது மேப் வழி சொல்வதைக் கேட்கத்தான் பலரும் இயர்பட்ஸ் தேடுகிறோம். வாங்கும் முன் அதைக் காதில் மாட்டி, மேலே ஹெல்மெட்டைப் போட்டுக் கழற்றிப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. குச்சி மாதிரி கீழே நீளும் வகை கன்னப் பஞ்சில் இடித்துத் திருகிக்கொள்ளும். கழற்றும்போது தெறித்து விழும். என்னுடைய வலது பக்கத்து பட் பரனூர் டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடை வாசலில் அப்படித்தான் சாக்கடைக்குள் போனது. காது மடலுக்குள் அடங்கும் குட்டை வகைதான் தோது.

அடுத்து டச், அதாவது பட்டை விரலால் தொட்டு இயக்கும் வசதி. பஞ்சு உரசினாலே பாட்டு மாறும், போன் கால் கட்டாகும். ஆப்பில் டச்சை அணைக்க முடிகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நாய்ஸ் கேன்சலிங் (வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி) என்ற பேரை நம்பிக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். இன்ஜின் உறுமல் போன்ற தாழ்ந்த, சீரான சத்தத்தைத்தான் அது நன்றாகக் குறைக்கும். மைக்கில் காற்று மோதினால் அதுவே 'புர்ர்' என்று கேட்கும். அந்த இரைச்சலுக்கு மேல் வால்யூமை ஏற்றினால் காதுதான் கெடும்.

ஒரு பட் மட்டும் தனியாக வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். நம் ஊரில் முந்துகிற வண்டி வலப்பக்கம்தான் வரும். அதனால் இடது காதில் மட்டும் போட்டு வலதைத் திறந்து விடுங்கள். வியர்வை, தூறலுக்கு ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தடுப்புத் தரம் போதும். அடைமழை என்றால் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.