சிறப்பாற்றல் கொண்ட குழந்தையைக் காக்கும் அமானுஷ்யத் திரில்லர்: முதல் சிறுகதையை எழுதுவது எப்படி?

தீய சக்தியிடமிருந்து ஒரு குழந்தையைக் காப்பாற்றும் கதையை எழுத விரும்புபவர்கள் பெரும்பாலும் பேயின் தோற்றத்தை வருணிப்பதில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன், குழந்தையின் ஆற்றலுக்கு எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் வல்ல குழந்தைக்குக் காவல் தேவைப்படாது. காவல் தேவைப்படாத கதையில் பதற்றமும் பிறக்காது.

படி 1: ஆற்றல்

குழந்தையால் எது முடியும், எது முடியாது, ஆற்றலைப் பயன்படுத்தினால் அதற்கு என்ன நேரும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, எந்தப் பொருளைத் தொட்டாலும் அதன் சொந்தக்காரர் அப்போது எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடுவாள். இறந்தவரின் பொருளாக இருந்தால் எதுவும் தெரியாது. சொன்ன இரவெல்லாம் காய்ச்சலில் கிடப்பாள் என்று வைத்துக்கொள்வோம். இந்த விதியை வாசகர் மனத்தில் பதித்துவிட்டால், அச்சத்துக்குத் தனியாக வருணனை வேண்டியதில்லை. உதாரணத்துக்கு ஒரு பகுதி:

“பெட்டிக்கு அடியில் கிடந்த தாத்தாவின் கைக்கடிகாரத்தை அவள் எடுத்தாள். தோல் பட்டையில் விபூதி வாடை இன்னும் இருந்தது. ‘அப்பத்தா, தாத்தா கொல்லைக் கதவுகிட்ட நிக்கிறார்’ என்றாள்.”

தாத்தா இறந்து ஓராண்டு ஆகிவிட்டது என்பதை முன்பே சொல்லியிருந்தால் போதும். தாத்தாவின் பெயரில் வேறு ஏதோ வந்திருக்கிறது என்பதை வாசகரே கண்டுகொள்வார்.

படி 2: தீமையின் தேவை

தீய சக்திக்குக் குழந்தை உயிரோடு வேண்டும் என்று அமையுங்கள். ஒளிந்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடிக்க அதற்கு இந்தச் சிறுமியின் விரல்கள் தேவைப்படலாம். ஒரு மதத்தையோ சாதியையோ மனநோயையோ தீமையின் முகமாக்காதீர்கள். அது அநீதி, கதையையும் மலிவாக்கிவிடும்.

படி 3: காப்பவர்

கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இதைக் கற்றுக்கொள்ளப் பெரியபுராணத்தில் ஓர் அருமையான இடம் உண்டு. மூன்று வயதில் சீர்காழியில் ஞானம் பெற்ற சம்பந்தர், பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரைக்குப் புறப்படும்போது, பகைவரால் முன்பு பெருந்துன்பம் பட்ட அப்பர், கோள்களின் நிலை நன்றாக இல்லை என்று திருமறைக்காட்டில் அவரைத் தடுக்கிறார். அதற்கு மறுமொழியாகவே கோளறு பதிகம் பிறக்கிறது. காக்க நினைப்பவரின் அச்சம் பட்டறிவிலிருந்து வருகிறது. பிள்ளையின் துணிவோ அந்த அச்சத்தை அறியாதது. பின்னர் மதுரையில் சம்பந்தர் தங்கிய மடத்துக்குத் தீ வைக்கப்படுவதால், அஞ்சியவரும் தவறாக எண்ணவில்லை என்று ஆகிறது. அன்புள்ள இருவருக்கிடையே, இருவர் பக்கமும் நியாயம் இருக்கும்படியான இத்தகைய மோதலை உங்கள் கதையிலும் உருவாக்குங்கள். அப்பத்தா இதற்கு முன் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்றால், பேத்தியை வாசல்படி தாண்டவிடாத அவருடைய கண்டிப்புக்கு விளக்கமே தேவைப்படாது.

படி 4: காப்புப் பொருள்

பழந்தமிழர் குழந்தைகளுக்கு, திருமாலின் ஐந்து படைக்கலன்களின் வடிவம் பொறித்த ஐம்படைத்தாலியை அணிவித்தார்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் தாலி களையாத இளம் வயதிலேயே போர்க்களம் புகுந்ததைப் புறநானூற்றின் 77ஆம் பாடல் வியக்கிறது. இதைப் போன்ற ஒரு பொருளைத் தொடக்கத்திலேயே சாதாரணமாகக் காட்டிவிட்டு, கதையின் நடுவில் அது கழன்றுபோகும்படி செய்யுங்கள். பிறர் பறிப்பதைவிட, குழந்தையே ஒரு காரணத்துக்காகக் கழற்றிவைப்பது வலுவானது.

படி 5: முடிவும் திருத்தமும்

கடைசிக் காட்சியில் மந்திரவாதியை வரவழைக்காமல், நீங்கள் முதலில் வகுத்த விதியிலிருந்தே வழி பிறக்கட்டும்; காய்ச்சல் உயிருக்கே ஆபத்தாகலாம் என்று தெரிந்தும் சிறுமி அந்தக் கடிகாரத்தை இரண்டாம் முறை தொடலாம். எழுதி முடித்தபின் வாய்விட்டுப் படியுங்கள். ‘பயங்கரமான’, ‘அமானுஷ்யமான’ போன்ற அடைமொழிகள் வரும் இடங்களில் அவற்றை அடித்துவிட்டு, அந்த நொடியில் அப்பத்தாவின் காதில் எது விழுந்தது, கையில் எது பட்டது என்று எழுதுங்கள்.